மாமாவின் இடது காது

தாபோடியில் சத்தத்துக்கு என்றைக்கும் பஞ்சமில்லை. புனேயிலிருந்து லோனாவ்லா போகும் லோக்கல் ரயில் கிர்க்கியை விட்டு முளா ஆற்றைத் தாண்டினால் அடுத்தது எங்கள் ஊர். ஒரு பக்கம் தண்டவாளம், இன்னொரு பக்கம் பழைய மும்பை நெடுஞ்சாலையும் ஹாரிஸ் பாலமும். மாநிலப் போக்குவரத்தின் எஸ்.டி. பஸ்களுக்குக் கூண்டு கட்டும் மத்தியப் பணிமனையும் இங்கேதான். 1948இல் ரூர்க்கியிலிருந்து இடம் மாறி வந்த ராணுவப் பொறியியல் கல்லூரியின் மதிலும் இங்கேதான். அப்பாவுக்குக் கிர்க்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. அது 1869இல் தொடங்கியது. வட ஆற்காட்டிலிருந்து பட்டாளத்தோடும் பிழைப்புக்காகவும் போன தமிழ்க் குடும்பங்கள் கிர்க்கியிலும் தேஹு ரோட்டிலும் தலைமுறை தலைமுறையாக உண்டு. வாடகை குறைவு என்று ஆற்றுக்கு இந்தப் பக்கம் குடிவந்தவர்கள் நாங்கள்.

நாங்கள் இருந்தது ஒரு சாள். ஒற்றை அறைக் குடித்தனங்கள் வரிசையாக, நடுவில் பொதுக் குழாய். அங்கே எந்த வீட்டு நோவும் ரகசியமாக இருக்க முடியாது. ஜுரம், சளி இவற்றுக்கு அடுத்தபடி அதிகம் கேட்ட புகார் காது அடைப்புதான். "காது ம்முன்னு இருக்குடி" என்று ஆயா சொல்வாள். அடுத்த வீட்டுக் காகூ "கானாலா தடே பஸ்லே" என்பாள். மராத்தியில் அதே புகார். இரண்டு பேருக்கும் வைத்தியமும் ஒன்றே: இரும்புக் கரண்டியில் எண்ணெய், அதில் தட்டிப் போட்ட பூண்டு. எங்கள் வீட்டில் நல்லெண்ணெய், காகூ வீட்டில் தேங்காய் எண்ணெய், வித்தியாசம் அவ்வளவுதான்.

எதனால் அடைத்தது என்று யாரும் கேட்டதில்லை. அதைத்தான் இத்தனை வருஷம் கழித்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். காது அடைத்திருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதன் பின்னால் பத்துக் காரணங்கள் இருக்கலாம். அதில் ஒன்பது பொறுத்துக்கொள்ளும். ஒன்று பொறுக்காது.

முதலில் குறும்பி. ஆயா வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாள். குளித்துவிட்டு வந்து தலை துவட்டும்போதே, "பாரு, மறுபடியும் அடைச்சிக்கிச்சு" என்பாள். தண்ணீர் உள்ளே போய்விட்டது என்று ஒற்றைக் காலில் நின்று தலையைச் சாய்த்துக் குதிப்பாள். நடந்தது வேறு. காதுக்குழாய் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளம். குறும்பி சுரப்பது அதன் வெளிப்புற மூன்றில் ஒரு பங்கில் மட்டும்தான். குழாயின் தோல் உள்ளேயிருந்து வெளியே மெல்ல நகர்ந்துகொண்டே இருப்பதால், மெல்லும்போதும் பேசும்போதும் தாடை அசைய அசைய, குறும்பி தானாக வாசலுக்கு வந்து உதிர்ந்துவிடும். தூசியைப் பிடிப்பதும், கிருமியையும் பூஞ்சையையும் அண்டவிடாமல் வைப்பதும் அதன் வேலை. அழுக்கு என்று அதை நாம் வெறுப்பது அநியாயம். ஆயாவின் கொண்டையில் எப்போதும் ஒரு ஹேர்பின் இருக்கும். கை சும்மா இருந்தால் பின் காதுக்குப் போகும். வெளியே வரவேண்டியதை அது உள்ளே தள்ளித் தள்ளிக் கெட்டியாக்கிவிட்டது. ஒரு நூலளவு இடைவெளி மிச்சம் இருக்கும்வரை காது நன்றாகவே கேட்கும். தலைக்குக் குளித்த அன்று குறும்பி தண்ணீரில் ஊறி உப்பும், இடைவெளி மூடிக்கொள்ளும். அதனால்தான் நேற்றுவரை கேட்ட காது இன்று திடீரென்று அடைத்த மாதிரி தோன்றும்.

தாபோடி ஸ்டேஷன் வாசலில் சிவப்புத் தலைப்பாகை கட்டிய ஒருவர் உட்கார்ந்திருப்பார். தலைப்பாகை மடிப்பில் பஞ்சு செருகியிருக்கும், மெல்லிய இரும்புக் கம்பியும் இருக்கும். மடியில் சின்னச் சின்னக் குப்பிகள், ஒன்றில் மஞ்சள் எண்ணெய், இன்னொன்றில் ரோஸ் நிறத் தண்ணீர். கான்மைலியா என்று அவர்களைச் சொல்வார்கள். வட இந்திய நகரங்களில் பரம்பரையாக வந்த தொழில். ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் அவர் முன்னால் குந்தி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார்கள். கம்பியின் நுனியில் பஞ்சைச் சுற்றும் அந்த விரல்களின் நேர்த்தியை நான் வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். கை சுத்தம் என்பது வேறு விஷயம். ஒரே கம்பி பத்துக் காதுக்குள் போகும், அடுத்த காதுக்கு முன்னால் அதை வேட்டியில் துடைத்துக்கொள்வார். செவிப்பறை ஒன்பது மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு மெல்லிய தோல். தண்டவாளத்தில் சரக்கு ரயில் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் சற்றே துள்ளினால் போதும். அந்தத் தொழிலாளி மேல் எனக்குக் கோபமில்லை. மருத்துவரிடம் போகக் காசும் நேரமும் இல்லாதவர்களுக்கு அவர்தான் கிடைத்தார்.

ஆயாவை அப்பா கிர்க்கி பஜாரில் இருந்த ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனபோது நானும் போனேன். டாக்டர் முதலில் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து, சில நாள் விட்டு ஊறவைத்து வரச் சொல்லியிருந்தார். சோடா உப்புக் கலந்த சாதாரணச் சொட்டு மருந்து. இரண்டாம் முறை போனபோதுதான் வேலை நடந்தது. ஆயாவின் கையிலேயே அவரைக்காய் வடிவத்தில் வளைந்த எவர்சில்வர் தட்டைக் கொடுத்துக் காதுக்குக் கீழே அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பெரிய உலோக சிரிஞ்சு. வெந்நீரைத் தண்ணீரோடு விளாவி, தன் மணிக்கட்டின் உள்பக்கத்தில் விட்டுப் பார்த்தார், இன்னும் கொஞ்சம் வெந்நீர் சேர்த்தார், மறுபடி விட்டுப் பார்த்தார். காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, தண்ணீரைக் குழாயின் மேல்சுவரை நோக்கிப் பீய்ச்சினார். செவிப்பறைமேல் நேராக அடிக்கக் கூடாது. சுவரில் பட்டுத் திரும்பும் தண்ணீர்தான் பின்னாலிருந்து தள்ள வேண்டும். இரண்டு மூன்று தடவை வெறும் தண்ணீர் வந்தது. பிறகு தட்டில் ஏதோ விழுந்தது. கறுப்பாக, புளியங்கொட்டை போல.

ஆயா தலையைத் தூக்கினாள். மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்தாள். "இது இவ்வளவு சத்தமா ஓடுது?" என்றாள். வரும் வழியெல்லாம் தன் ரப்பர் செருப்பின் சத்தத்தைக் கேட்டபடி வந்தாள்.

தண்ணீரின் சூட்டை அந்த டாக்டர் அத்தனை கவனமாகப் பார்த்ததன் காரணம் எனக்குப் பின்னால் தெரிந்தது. வியன்னாவில் ராபர்ட் பாரானி என்ற மருத்துவர் நோயாளிகளின் காதைக் கழுவும்போது, தண்ணீர் குளிர்ந்திருந்தாலும் அதிகம் சூடாக இருந்தாலும் அவர்களுக்குத் தலை சுற்றுவதையும், கண்கள் ஒரு பக்கமாகத் துடிப்பதையும் கவனித்தார். உள்காதில் சமநிலையைக் காக்கும் அரைவட்டக் குழல்களின் திரவம் சூட்டுக்கும் குளிர்ச்சிக்கும் நகர்வதுதான் காரணம் என்று கண்டறிந்தார். அதற்காக அவருக்கு 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. செய்தி வந்தபோது அவர் ரஷ்யர்களிடம் போர்க்கைதி. தண்ணீர் உடம்புச் சூட்டில், 37 டிகிரியில், இருக்கவேண்டும் என்ற விதி இன்றைக்கும் நிற்கிறது.

எண்ணெய் வைத்தியத்தைப் பற்றியும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். வெதுவெதுப்பான எண்ணெய் குறும்பியை இளக்கும், அதில் பொய்யில்லை. ஆலிவ் எண்ணெய்ச் சொட்டை வெளிநாட்டு மருத்துவர்களே சொல்கிறார்கள். ஆனால் பூண்டுக்கு அங்கே வேலை இல்லை. கொதித்த எண்ணெயில் காதுக்குழாய் வெந்து போன குழந்தையை எங்கள் சாளிலேயே பார்த்திருக்கிறேன். செவிப்பறையில் ஓட்டை இருந்தால், அல்லது காதில் சீழ் வந்தால், எண்ணெயும் தண்ணீரும் சொட்டு மருந்தும் எதுவுமே டாக்டர் பார்க்காமல் உள்ளே போகக் கூடாது. புனேயில் ஜூன் பிறந்து மழை பிடித்துக்கொண்டால் காதுக்குள் பூஞ்சை வேறு வரும். அடைப்போடு தாங்கமுடியாத அரிப்பும் இருந்தால் பெரும்பாலும் அதுதான். அந்தக் காதில் எண்ணெய் விட்டால் பூஞ்சைக்கு விருந்து வைத்ததாகும்.

இன்னொரு அடைப்பு மலையிலிருந்து வரும். மும்பையில் சித்தி வீடு. பள்ளி விடுமுறைக்கு சின்ஹகட் எக்ஸ்பிரஸில் போவோம். லோனாவ்லா கடல்மட்டத்திலிருந்து அறுநூறு மீட்டருக்கு மேல். அங்கிருந்து கர்ஜத் வரைக்கும் ஏறத்தாழ 28 கிலோமீட்டர் இறக்கம். போர் காட் என்ற அந்த ரயில் பாதை 1863இல் திறந்தது. சில இடங்களில் 37 அடிக்கு ஓரடி சரிவு. இறங்கும் ரயில்கள் பிரேக் சோதனைக்காக மங்கி ஹில், தாக்கூர்வாடி போன்ற ஆள் இல்லாத இடங்களில் நின்று நின்று போகும். அந்த நிற்றல்களில்தான் பெட்டி முழுக்கக் குழந்தைகள் அழ ஆரம்பிக்கும். காரணம் சுலபம். செவிப்பறைக்குப் பின்னால் நடுக்காது என்று ஒரு சின்ன அறை, அதற்குள் காற்று. அந்த அறையிலிருந்து மூக்கின் பின்பக்கத்துக்கு ஒரு குழல் இறங்குகிறது. 16ஆம் நூற்றாண்டில் அதை விவரித்த இத்தாலியரின் பெயரால் யூஸ்டேஷியன் குழல் என்கிறோம். பெரியவர்களுக்கு மூன்றரை சென்டிமீட்டர் இருக்கும். குழந்தைகளுக்கு அதைவிடக் குட்டை, கிட்டத்தட்ட படுத்த வாக்கில் இருக்கும். இது எப்போதும் மூடித்தான் இருக்கும். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் மட்டும் ஒரு கணம் திறந்து வெளிக்காற்றின் அழுத்தத்தோடு உள்காற்றைச் சமன் செய்யும். ரயில் கர்ஜத்துக்கு இறங்குவதற்குள் வெளியே காற்றழுத்தம் ஆறேழு விழுக்காடு கூடிவிடுகிறது. குழல் திறக்காவிட்டால் செவிப்பறை உள்ளே அழுந்தும். அதுதான் அடைப்பு, அதுதான் வலி. ஏறும்போது உள்ளே இருக்கும் காற்று தானே வழி செய்துகொண்டு வெளியேறிவிடும். இறங்கும்போதுதான் பாடு.

அம்மா இதெல்லாம் படிக்கவில்லை. ஆனால் கண்டாலா சுரங்கம் வரும்போது முந்தானை முடிச்சிலிருந்து லிம்லெட் கோளியை எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுப்பாள். ஆரஞ்சுச் சுளை வடிவத்தில் சர்க்கரை பூசிய மிட்டாய். மகாராஷ்டிரத்தில் வெளியூர்ப் பயணம் போன எந்தக் குழந்தைக்கும் அதன் ருசி தெரியும். வாயில் எச்சில் ஊறும், விழுங்கிக்கொண்டே இருப்போம், குழல் திறந்துகொண்டே இருக்கும். எதிர்ப்பலகையில் கைக்குழந்தையோடு ஒரு பெண் இருந்தால், "பாப்பாவுக்கு இப்பப் பால் குடும்மா" என்று அரைகுறை மராத்தியில் சொல்வாள். விமானம் கீழே இறங்கும்போது குழந்தைக்குப் பால் கொடுக்கச் சொல்வதும் இதே கணக்குத்தான். பறக்கும்போது விமானத்துக்குள் காற்றழுத்தத்தை அதிகபட்சம் எட்டாயிரம் அடி உயர மலைமேல் இருக்கிற அளவில் வைத்திருப்பார்கள், இறங்கும்போது அது கூடும்.

மூக்கைப் பிடித்து, வாயை மூடி, காதுக்குக் காற்று ஊதும் முறைக்கு வால்சால்வா என்று பெயர். 1704இல் காதைப் பற்றி நூல் எழுதிய பொலோனியா மருத்துவர் அவர். காதில் சேர்ந்த சீழை வெளியே தள்ள அதைச் சொன்னார். மெதுவாக ஊத வேண்டும். பலத்தைக் காட்டினால் உள்காதுக்கே ஆபத்து. சளி பிடித்திருக்கும்போது ஊதினால் சளியும் சேர்ந்து மேலே போகும். அதைவிட நல்லது மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் தண்ணீர் விழுங்குவது. இதற்கு லண்டன் மருத்துவர் ஜோசப் டாயின்பீயின் பெயர். காதில் ஓயாத இரைச்சலுக்கு மருந்து தேடி, 1866இல் தன்மேலேயே குளோரோபார்மையும் இன்னொரு விஷ ஆவியையும் சோதித்துப் பார்த்து உயிரை விட்டவர் அவர். லிம்லெட் கோளியை வாயில் போடும்போதெல்லாம் இப்போது எனக்கு அந்த மனிதர் நினைவுக்கு வருகிறார்.

சளி பிடித்த பிறகு வரும் அடைப்பும் இந்தக் குழலின் வேலைதான். குழல் வீங்கி மூடிக்கொள்ள, நடுக்காதில் நீர் கோக்கும். தலையை ஆட்டினால் உள்ளே ஏதோ அசைகிற மாதிரி இருக்கும், சொந்தக் குரல் பானைக்குள்ளிருந்து வரும். பெரும்பாலும் சில வாரத்தில் தானாக வடியும். குழந்தைகளுக்கு வடியாமல் நின்றுவிடுவது உண்டு. அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. "கூப்பிட்டா திரும்பறதில்ல, பள்ளிக்கூடத்துல கவனமில்ல" என்று அடி வாங்கிய பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் காதில் நீர் கோத்திருந்ததோ! பெரியவர் ஒருவருக்கு ஒரே பக்கக் காதில் வாரக்கணக்கில் நீர் நின்றால், மூக்கின் பின்புறத்தை ஒரு தடவை உள்நோக்கியால் பார்க்கச் சொல்ல வேண்டும். குழலின் வாயில் கட்டி ஏதும் வளர்ந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்வதற்கு.

சத்தமே காதை அடைக்கும் என்பதைப் பத்து நாள் கணபதி விழா சொல்லித்தரும். சிலையைக் கரைக்கும் விசர்ஜன் அன்று டோல், தாஷா, பிறகு வந்த டிஜே பெட்டிகள் எல்லாம் தெருவில் இறங்கும். பெட்டியின் பக்கத்தில் ஆடிவிட்டு வருகிற பையன்கள் மறுநாள் காலை காதைத் தட்டித் தட்டிப் பார்ப்பார்கள். பஞ்சு அடைத்த மாதிரி இருக்கும், கூடவே ஒரு 'கீ' சத்தம். குழாயில் அடைப்பு ஒன்றும் இருக்காது. உள்காதின் மயிரிழைச் செல்கள் அடிபட்டுச் சோர்ந்து கிடக்கின்றன. ஓய்வு கொடுத்தால் ஓரிரு நாளில் தேறும். வருஷா வருஷம், அல்லது வேலையிடத்தில் தினந்தினம், இதே அடி விழுந்தால் தேறாது. 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் என்பதே எல்லை. 1948 தொழிற்சாலைச் சட்டம் இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மையை அறிவிக்கவேண்டிய நோய்களின் அட்டவணையில் வைத்திருந்தது. ஆனால் பட்டறையில் காதடைப்பான் போட்டு வேலை செய்பவனைக் கேலி செய்வதுதான் நான் பார்த்த வழக்கம். வெறும் பஞ்சு சத்தத்தைத் தடுக்காது. விரலால் உருட்டிச் செருகும் நுரைக் காதடைப்பான் தடுக்கும். அதன் விலை ஒரு வடா பாவ் விலைதான்.

இனி மாமாவைப் பற்றி.

எங்கள் சாளின் கடைசி வீட்டில் இருந்தவர். சொந்த மாமா இல்லை, ஆம்பூர்ப் பக்கத்துக்காரர் என்ற உறவு. போசரியில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டினார். பழைய தமிழ்ப் பாட்டென்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை டேப் ரிக்கார்டரை வாசலில் வைத்துவிட்டுத் துணி துவைப்பார். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஆகஸ்ட் மாதம், பவனாவும் முளாவும் கரை தொட்டு ஓடிய நாட்கள். காலையில் எழுந்தவர் இடது காது அடைத்திருக்கிறது என்றார். வலி இல்லை, ஜுரம் இல்லை, சளி இல்லை. முதல் நாள் இரவு வரை நன்றாகக் கேட்டது. உள்ளே பிரஷர் குக்கர் ஆவி விடுகிற சத்தம் கேட்கிறது என்று மட்டும் சொன்னார்.

அத்தை எண்ணெய் காய்ச்சினாள். ஆயா, "எனக்கு வந்த மாதிரிதான், குறும்பி" என்றாள். மழையில் நனைந்ததால் குளிர்ச்சி ஏறிவிட்டது என்று காகூ ஓமத்தை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுக்கச் சொன்னாள். மருந்துக் கடையில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். பட்டறையில் லீவு கிடைக்காது, ஆள் குறைவு. சொன்னவர்கள் எல்லாரும் அவர்மேல் பிரியம் வைத்தவர்கள். ஒவ்வொருவரும் தங்களுக்குத் தெரிந்த அடைப்பை வைத்து வைத்தியம் சொன்னார்கள். கணபதி வந்து போய்விட்டார். மாமா காதைத் தட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். தீபாவளிக்கு முன்னால் அப்பா வற்புறுத்தி ஒரு காது மூக்கு தொண்டை நிபுணரிடம் கூட்டிப்போனார். மொழிக்காக நானும் போனேன். டாக்டருக்கு மராத்தி வேகமாக வரும், மாமாவுக்கு வராது.

டாக்டர் உள்ளே விளக்கடித்துப் பார்த்தார். "குழாய் சுத்தமா இருக்கு" என்றார். ஒரு இசைக்கவையை எடுத்து முழங்கையில் தட்டி, அதன் அடியை மாமாவின் நெற்றி நடுவில் வைத்தார். எந்தக் காதில் கேட்கிறது? மாமா வலது பக்கத்தைக் காட்டினார். டாக்டர் மறுபடி தட்டி மறுபடி வைத்தார். மறுபடி வலது. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

அந்தச் சோதனைக்கு வேபர் சோதனை என்று பெயர். வீட்டிலேயே அதன் சூட்சுமத்தைப் பார்க்கலாம். ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகிப் பாருங்கள். முனகல் அடைத்த காதில்தான் பலமாகக் கேட்கும். குறும்பியோ நீரோ சத்தத்தின் வழியை மறித்திருந்தால், எலும்பு வழியாக வரும் ஒலி அந்தப் பக்கமே சாயும். நரம்போ உள்காதோ கெட்டுப்போயிருந்தால் ஒலி நல்ல காதுக்குப் போய்விடும். மாமாவுக்கு இடது பக்கம் அடைத்திருக்கிறது, ஒலியோ வலது பக்கம் போகிறது. வழி திறந்திருக்கிறது, வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

பிறகு கண்ணாடி அறையில் உட்காரவைத்து கேட்புச் சோதனை எடுத்தார்கள். தாளில் வலது காதுக்குச் சிவப்பு வட்டங்கள் மேலே ஒரே சீராகப் போயின. இடது காதின் நீலப் பெருக்கல் குறிகள் தாளின் அடியில் கிடந்தன. திடீர்ச் செவிநரம்புக் கேட்புத்திறன் இழப்பு என்பது இந்த நோய். மூன்று நாளுக்குள், பெரும்பாலும் ஒரே இரவில், வரும். அமெரிக்கக் கணக்குப்படி ஆண்டுக்கு லட்சத்தில் 5 முதல் 27 பேருக்கு வருகிறது. பெரும்பாலோருக்குக் காரணமே தெரிவதில்லை. சிலருக்குத் தானாகத் திரும்பும். ஆனால் அதற்குக் காத்திருக்காமல் ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பார்கள், அல்லது செவிப்பறை வழியாக ஊசியில் ஏற்றுவார்கள். மாத்திரையால் பலனுண்டு என்று காட்டிய முக்கியமான ஆய்வு 1980இலேயே வெளிவந்துவிட்டது. ஆக, மாமாவின் காது அடைத்த நாளில் அந்த மருந்து புனே மருந்துக் கடைகளில் மலிவாகக் கிடைத்தது. எல்லாருக்கும் பலிக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். ஆனால் முதல் இரண்டு வாரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. "இப்ப வந்திருக்கீங்களே" என்று மட்டும் டாக்டர் சொன்னார். அதை நான் தமிழில் சொல்லவில்லை. மாமாவுக்குப் புரிந்திருந்தது.

ஒரு காது போனால் பாதிதானே போயிற்று என்று நினைப்பவர்கள் அந்த மனிதரோடு ரோட்டைக் கடந்து பார்த்திருக்கவேண்டும். சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று மூளை கணிப்பது இரண்டு காதுக்கும் எட்டும் நேர வித்தியாசத்தையும் ஒலியின் வலிமை வித்தியாசத்தையும் வைத்துத்தான். ஒரு காது போனால் திசையே போய்விடும். ஹாரிஸ் பாலத்து முனையில் ஹாரன் கேட்டதும் மாமா நடுவிலேயே நின்று இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். எங்களில் யாராவது கையைப் பிடித்துக்கொள்வோம். கல்யாண வீட்டில் இடது பக்கம் இருப்பவர் பேசினால் சிரித்துவைப்பார். டேப் ரிக்கார்டரை வலது தோளுக்குப் பக்கத்தில் நகர்த்திவைத்துக்கொண்டார். பிறகு அதை அதிகம் போடவில்லை.

தாபோடியில் இப்போது மெட்ரோ நிலையம் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் திறந்தார்கள். பிம்ப்ரியில் மாநகராட்சியின் யஷ்வந்த்ராவ் சவாண் நினைவு மருத்துவமனைக்கும், இந்தப் பக்கம் சசூன் பொது மருத்துவமனைக்கும் போவது முன்னைவிடச் சுலபம். காது கேளாமையைத் தடுக்க மத்திய அரசு ஒரு தேசியத் திட்டத்தையும் 2007 முதல் நடத்துகிறது. ஆனாலும் போன மழையில் எங்கள் பழைய சாளிலிருந்து ஒரு பெண் எனக்குப் போன் செய்தாள். "அக்கா, அவருக்கு நேத்துலேர்ந்து காது அடைச்சிருக்கு, சளி கூட இல்ல. வலது காது. எண்ணெய் விடட்டுமா?" என்றாள். முனகச் சொன்னேன். போனுக்கு அந்தப் பக்கம் அவன் முனகியது எனக்கும் கேட்டது. "எந்தப் பக்கம் கேக்குதுன்னு கேளு" என்றேன். இடது பக்கம் என்றான். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உடனே கிளம்பு என்றேன். அன்று மாலையே மாத்திரை தொடங்கினார்கள். முழுதும் திரும்பவில்லை, பேச்சுக் கேட்கிற அளவுக்குத் திரும்பியது.

ஆகவே உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். வீட்டில் யாராவது திடீரென்று ஒரு பக்கக் காது அடைத்திருக்கிறது என்று சொன்னால், சளி பிடித்ததா, தலைக்குக் குளித்தார்களா, மலையோ விமானமோ இறங்கினார்களா என்று கேளுங்கள். இவற்றில் எதுவும் இல்லாமல் அடைத்திருந்தாலோ, கூடவே இரைச்சலோ தலைசுற்றலோ இருந்தாலோ, முனகல் நல்ல காதுப் பக்கம் போனாலோ எண்ணெய்க் கரண்டியைத் தொடாதீர்கள். முனகல் எந்தப் பக்கம் என்று சந்தேகமாக இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய், கேட்புச் சோதனை எடுக்கச் சொல்லி நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.